பிலோமி வீட்டு முக்கில் கட்டின குழாய்

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. பையை மேல வச்சிருங்க, விழாது. மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைதான். நாங்கன்னா, அந்தா டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, சாம்பக்கலர் சேலை, ஜன்னலோரம். என் தங்கச்சி பிலோமி. பக்கத்துல உக்காருன்னா கேக்க மாட்டேன்னுட்டா. பொம்பளையாளுங்க சீட்டுலதான் இருப்பேன்னு போயிட்டா. ஒரு வகையில நல்லதாப் போச்சு. பக்கத்துல இருந்தா மூணு மணி நேரம் நான் அவகிட்ட என்னத்தப் பேச?

மெதுவாத்தான் பேசுவேன். குரல் ஏறிச்சுன்னா தொடையில ஒரு தட்டு தட்டுங்க. எனக்கு மைக் செட் தொழில், பாத்துக்கிடுங்க. இருபத்தாறு வருசமா ஸ்டெல்லா சவுண்ட் சர்வீஸ், சிலுவைத்துறை. மெதுவாப் பேசிப் பழக்கம் இல்ல. பேரு இஞ்ஞாசி.

சிலுவைத்துறை கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தூத்துக்குடிக்குத் தெக்க, கடலோரத்துல. ஒரு கோயிலு, ஒரு மண்டபம், மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திப்போற தோணி பதினொண்ணு. இப்போ பத்து.

மதுரையில என் மச்சினன் கிளாடியஸைப் பாக்கப் போறோம். பிலோமி அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம். அவன் என்ன பதில் சொல்லப்போறான்னு எனக்குத் தெரியும். நீங்க வெளியாளு. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், எம்மேல தப்பு இருக்கான்னு நீங்க சொல்லுங்க. மதுரை வாரதுக்குள்ள சொல்லிருங்க.

கிளாடியஸ் என் சம்சாரம் செலஸ்தீனுக்குத் தம்பி. பன்னெண்டு வயசுல எங்க ஊரு பேண்டு செட்டுல கிளாரினெட் ஊத ஆரம்பிச்சான். திருவிழாவுக்கும் வாசிப்பாங்க, ஆனா முக்காவாசி சாவு வீடுதான். பயலை ஊருல சாவு மேளம், சாவு மேளம்னே கூப்பிட்டாங்க. எனக்கும் சேத்துத்தான் அசிங்கம். அப்புறம் படிச்சான். எத்தியோப்பியாவுல ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை கெடைச்சுப் போனான். போன இடத்துல வேலை முடிஞ்சா ராத்திரி பாட்டுக் கேக்கப் போயிருவானாம். அங்க உள்ளவங்க அம்பது வருசத்துக்கு முந்தியே அவங்க ஊரு ராகத்தையும் ஜாஸையும் கலந்து ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்களாம். ஒருநாள் போன் போட்டுச் சொல்லுதான், அத்தான், இங்க அஞ்சு சுரத்துல ஒரு வரிசை இருக்கு, நம்ம ஊரு எடுப்புக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்குன்னு. வேலையைப் பாருலேன்னு சொல்லி வச்சுட்டேன்.

எடுப்புன்னா என்னன்னு சொல்லணும்லா. சவப்பெட்டியை வீட்டுல இருந்து வெளிய எடுக்கும்போது கிளாரினெட்டு மட்டும் தனியா ஒண்ணு வாசிக்கும். அதான் எடுப்பு. வேற எதுக்கும் வாசிக்கக் கூடாது. இதுல இன்னொரு வழக்கம் உண்டு. கடல்ல போனவன் உடம்பு கெடைக்காம, ஆனா சேதி மட்டும் உறுதியா வந்துட்டுன்னு வைங்க. அவன் பெண்டாட்டிகிட்ட யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. சாமியாரும் சொல்ல மாட்டாரு. ஒருவேளை அவன் எங்கயாவது உசிரோட கெடந்தா, நாம சொல்லுத சொல்லே அவனைக் கொன்னுரும்னு பயம். அதனால கிளாரினெட்டுக்காரன் தெரு முக்குல நின்னு எடுப்பு வாசிப்பான். கதவு தொறக்கும். அவ்வளவுதான், அவளுக்குத் தெரிஞ்சிரும்.

இன்னும் ஒண்ணு. தோணி வர நாள் தள்ளிப்போச்சுன்னா, அந்தத் தண்டல் பெண்டாட்டி சாயங்காலம் கோயில் கோபுரத்துல ஏறி விளக்கு ஏத்தணும். தண்டல்னா தோணிக்குக் கேப்டன் மாதிரி. எங்க துறைக்கு முன்னால கடலுக்கடியில பாறை கெடக்கு, பாருன்னு சொல்லுவோம். அந்த விளக்குக்கு நேரா தோணி மூக்கை வச்சு வந்தா பாருல தட்டாம உள்ள வந்துரலாம். எடுப்பு கேட்டுட்டுன்னா, ஏத்தினவளே போயி அணைக்கணும். இனி வர ஆளு இல்லல்லா.

கிளாடியஸ் நாடு திரும்பி பெங்களூர்ல அஞ்சு பேரா ஒரு குழு சேத்தான். உப்புக்காத்துன்னு பேரு. அவன் சாக்ஸபோனும் கிளாரினெட்டும். எத்தியோப்பியாவுல இருந்து அவன் கூட வந்த தெஸ்ஃபாயே ஆர்கன். டிரம்பெட்டு, பேஸ் கிதாரு, டிரம்ஸுக்கு மூணு பயலுவ. வாயைத் தொறந்து பாட ஒருத்தனும் கிடையாது. பாட்டுக்காரன் லீவாலேன்னு நானே கேட்டிருக்கேன். ஆனா கேக்கக் கேக்கப் புடிச்சுப்போகும், பாத்துக்கிடுங்க. சந்தோசமா சோகமான்னு சொல்ல முடியாது. தனியா நடந்து போறவன் பின்னால யாரோ வாராப்புல இருக்கும். ஜெர்மனி, பிரான்சுன்னு எல்லா ஊருலயும் கூப்பிட்டாங்க. கடைசி உருப்படியா எடுப்பைத்தான் வாசிப்பான். முதல் நாலு நிமிசம் கிளாரினெட்டு மட்டும், எங்க தெருவுல வாசிச்ச அதே மாதிரி. அதுக்கப்புறம்தான் மத்தவங்க சேருவாங்க. வெள்ளைக்காரங்க தேம்பி அழுவாங்களாம்.

ஒம்பது வருசம் உலகமெல்லாம் வாசிச்சான், சொந்த ஊருல மட்டும் வாசிக்கல. நான் கேக்காத நாள் கிடையாது. சாவு மேளம்னு சொன்ன பயலுவ முன்னால ஒரு தடவை ஏறிக் காட்டுலேன்னு கெஞ்சினேன். கேக்குத சனம் கடைசியில எடுப்பைக் கேக்கும் அத்தான், ஊருக்குள்ள நான் அதை வாசிக்க முடியாதுன்னுட்டான். கடைசியில போன ஐப்பசியில இறங்கி வந்தான். ஒரு கண்டிசன் போட்டான். மண்டபத்துக்குள்ள மட்டும்தான் சத்தம், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தணும், வெளிய ஒரு ஸ்பீக்கர் குழாய் கட்டக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ணினேன்.

கட்டினேன் அண்ணாச்சி. நாலு கூம்புக் குழாய். மறைச்சு என்ன செய்ய?

கட்டாம இருக்க முடியுமா, நீங்களே யோசிங்க. மண்டபத்துல முந்நூறு பேருதான் கொள்ளும். அதுல பாதி தூத்துக்குடி, மதுரைன்னு வெளியூர்க்காரங்க. ஊருக்குத் தெரியணும்னுதானே கூட்டியாந்தேன்? மீன் ஏலக் கூடத்துல ஒண்ணு, பஸ் நிறுத்தத்துல ஒண்ணு, கிணத்தடியில ஒண்ணு. நாலாவது பிலோமி வீட்டு முக்குல.

அது பாசத்துல கட்டினது. அவ கச்சேரிக்கு வர முடியாது. அவ புருசன் கஸ்பார் தண்டல், தோணி வர அஞ்சு நாள் தள்ளிப்போயிருந்துச்சு. போன் இல்ல, வயர்லெஸ் இல்ல. கடல்ல புயல்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருந்தான். அஞ்சு நாளும் அவ கோபுரம் ஏறி விளக்கு வச்சா. தண்டல் வராம இருக்கும்போது அவன் பெண்டாட்டி விசேசத்துக்குப் போகக் கூடாதுல்லா. அதான், வீட்டுல இருந்தாவது கேக்கட்டும்னு கட்டினேன். கம்பத்துல நானே ஏறினேன். அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. எதுக்குன்னு கேக்கல. கொஞ்சம் பொறுத்துத்தான், ஒரு வாரம் தள்ளி வைக்க முடியாதாண்ணேன்னு கேட்டா. தெஸ்ஃபாயேவுக்கு மறுநாள் விமானம், நான் எப்பிடித் தள்ளி வைக்க? தோணின்னா முன்னப்பின்ன ஆகும், கஸ்பாருக்குத் தெரியாத கடலா, பயப்படாதன்னு சொன்னேன். தலையாட்டினா.

கிளாடியஸுக்குத் தோணி விசயம் தெரியாது. வேன்ல நேரா மண்டபத்துக்கு வந்து இறங்கினான். யாரும் சொல்லிராதீங்கன்னு செலஸ்தீன்கிட்ட நான்தான் சொல்லி வச்சிருந்தேன். கலைஞன் மனசு, கலங்கிரும்லா. அதுல தப்பு ஒண்ணும் இருக்காப்புலத் தெரியல.

பந்தல்குடி வந்துட்டா? சரி.

ஆறரைக்கு ஆரம்பம். ஆறு மணிக்கே மழை பிடிச்சுட்டு, கரண்டும் போச்சு. ஊரே இருட்டு. என் ஜெனரேட்டர்ல மண்டபமும் குழாயும் மட்டும் ஓடுது, வெளிய கோபுரத்து விளக்கு மட்டும் எரியுது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால உள்ள ஒரே புழுக்கம். ஆனா வாசிச்சான் பாருங்க. சாவு மேளம்னு சொன்ன சவேரியானே முன்வரிசையில வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. மிக்சர்ல உக்காந்து அழுதேன்னா பாத்துக்கிடுங்க.

எட்டு மணிக்கு நிப்பாட்டினான். எல்லாரும் எந்திரிச்சுக் கையைத் தட்டுதாங்க. கும்பிட்டுட்டு உள்ள போயிட்டான். அஞ்சு நிமிசம் மேடையில ஒரு சத்தமும் இல்ல. மதுரைக்காரங்க இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னாங்க. எதைக் கேக்கதுன்னு அவங்களுக்குத் தெரியல. நான்தான் பின்னால இருந்து, எடுப்புன்னு சத்தம் குடுத்தேன். கூட்டச் சத்தத்துல யாரு குடுத்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஊருல தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சவேரியானுக்கு என் குரல் தெரிஞ்சிருக்கு. இருபத்தாறு வருசமா மைக் டெஸ்டிங் கேட்டவன்லா.

கிளாடியஸ் வெளிய வந்தான். கையில பழைய கிளாரினெட்டு. மேடை நுனியில நின்னு என்னைப் பாத்தான். ஜன்னல் பக்கம் ஒரு கை காட்டி, காதைத் தொட்டுக் காட்டினான். வெளிய சத்தம் போகாதுல்லா அத்தான்னு கேக்கான். எனக்குப் புரிஞ்சுது.

நான் கட்டை விரலை ஒசத்திக் காட்டிட்டேன்.

இருங்க, அவசரப்படாதீங்க. அந்த மழையில குழாய்க்குள்ள தண்ணி எறங்கிக் கரகரன்னுதான் கேக்கும்னு நினைச்சேன். ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும், நாலு குழாயும் நின்னுரும். கையும் வச்சேன். ஆனா ஒம்பது வருசமா வெள்ளைக்காரன் அழுத அழுகையை நம்ம சனம் ஒரு தடவை அழட்டுமேன்னு ஒரு எண்ணம் வந்துட்டு. கையை எடுத்துட்டேன்.

நாலு நிமிசம். உள்ள ஒரு இருமல் சத்தம்கூட இல்ல. மத்த நாலு பேரும் சேந்து வாசிக்க ஆரம்பிக்கும்போது ஜெனரேட்டர்ல டீசல் தீந்து எல்லாம் நின்னு போச்சு. கரண்டும் வரல. வெளிய ஒரே கூப்பாடு.

ஜன்னலைத் தொறந்தா தெருத்தெருவா பொம்பளைங்க நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுதாங்க. ஒன்றரை மணி நேரமா குழாய்ல கச்சேரி கேட்டிருக்காங்க. திடீர்னு நின்னுருக்கு. அஞ்சு நிமிசம் சத்தம் இல்ல. அப்புறம் எடுப்பு, தனிக் கிளாரினெட்டு, பழைய மாதிரியே. உடனே அதுவும் நின்னுட்டு. சேதி வந்துட்டு, கச்சேரியை நிப்பாட்டிட்டாங்கன்னு ஊரே முடிவு பண்ணிட்டு. கோயில் காரியம் பாக்குத உபதேசியாரு எழுபது வயசு மனுசன், அவரே அழுதுக்கிட்டு கோபுரச் சாவியை எடுத்துக் குடுத்திருக்காரு. பிலோமி ஏறிப்போயி அணைச்சுட்டா.

கிளாடியஸ் மழையில வெளிய வந்தான். கம்பத்துல தொங்குத குழாயைப் பாத்தான். எத்தனை அத்தான்னு கேட்டான். நாலுன்னேன். அவ்வளவுதான் பேசினோம். தப்பா வாசிச்சுட்டான், சேதி ஒண்ணும் வரலன்னு கோயில் வாசல்ல போயி கத்தினேன். என் தொண்டைக்கு மைக் இல்லாம மதிப்பு இல்ல அண்ணாச்சி, அந்த ஓலத்துல யாரு காதுல விழும்? அதைப் புரிய வச்சு, பிலோமியைத் தேடிப் புடிச்சு, அவ மறுபடி ஏறித் திரி நனைஞ்ச விளக்கைப் பத்த வைக்க முக்கால் மணி நேரம் ஆயிட்டு.

அந்த முக்கால் மணி நேரத்துலதான் தோணி பாருல ஏறியிருக்கு.

ஏழு பேருல ரெண்டு பேரு விடியும்போது நீந்திக் கரை சேந்தாங்க. சமையல்காரர் சூசை சொன்னாரு. இஞ்சினு பாதி செத்து, வயர்லெஸ் நனைஞ்சு, அஞ்சு நாளா தத்தளிச்சு வந்திருக்காங்க. எட்டு மணிக்கு விளக்கு தெரிஞ்சுதாம். பிலோமி வச்சிருக்கா பாருங்கடேன்னு கஸ்பார் சத்தம் போட்டானாம். வீட்டுக்குப் போறோம்னு உள்ள போயி வேற சட்டை மாத்திட்டு வந்தானாம். வந்து பாத்தா விளக்கு இல்ல. மழை மறைக்கு, இப்பத் தெரியும், இப்பத் தெரியும்னு சொல்லிக்கிட்டே நேரா விட்டிருக்கான். உடம்பு மூணாம் நாள் ஒதுங்கிச்சு. அந்தச் சட்டையோடதான் ஒதுங்கிச்சு.

பெட்டியை எடுக்கும்போது எடுப்பு வாசிக்க ஒருத்தனும் வரல. பேண்டு செட்டுக்காரங்க மாட்டேன்னுட்டாங்க. சத்தமே இல்லாமத் தூக்கிட்டுப் போனோம்.

அன்னைக்குச் சாயந்திரம் பிலோமி பக்கத்துல உக்காந்திருந்தேன். அழல. அண்ணே, நீ ஏன் என் வீட்டு முக்குல குழாய் கட்டுதன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்னா. எடுப்பு கேட்டதும் புரிஞ்சு போச்சாம். சேதி உனக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு, எங்கிட்ட வாயால சொல்ல மாட்டாமத்தான் கட்டியிருக்கன்னு நினைச்சேண்ணேன்னா. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், நீ சொன்னதுன்னுதான் போயி அணைச்சேன்னா.

சொல்லுங்க, இதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? மண்டபத்துக்குள்ள வாசிக்கத வெளியவும் கேக்கட்டும்னு கட்டினேம்மா, அவன் எடுப்பு வாசிப்பான்னு எனக்கெப்படித் தெரியும்னு சொல்லிட்டேன். வாய் தன்னால சொல்லிட்டு. சொன்னதுக்கப்புறம் திருப்பி எடுக்க முடியல.

கிளாடியஸ் ஒரு வார்த்தை வெளிய விடல. கச்சேரிக்கு மறுநாளே போயிட்டான். குழுவையும் கலைச்சுட்டான். கிளாரினெட்டைத் தொடுததே இல்லன்னு செலஸ்தீன் சொல்லுதா, எங்கிட்டப் பேசுத அன்னைக்கு. நான் போன் போட்டா எடுக்க மாட்டான். அவனும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்லா? கை காட்டிக் கேட்டவன் இறங்கி வந்து வாயால கேட்டிருக்கலாம். எல்லாரும் என்னையவே சொல்லுதாங்க.

அருப்புக்கோட்டையே தாண்டிட்டா? பேச்சுல தெரியல.

இப்போ என்னன்னா, அந்தச் சவேரியான் ஊரெல்லாம் சொல்லிட்டான், இஞ்ஞாசிதான் எடுப்பு கேட்டுக் குரல் குடுத்தான்னு. என் கடைப் பக்கம் ஆள் வாரதில்ல. திருவிழாவுக்கு வெளியூர் மைக் செட்டு. எங்க போனாலும் பேச்சு நின்னு போகுது. ஊரு முழுக்க எனக்காகப் பேச ஒரே ஒரு ஆளு. அந்தா, சாம்பக்கலர் சேலை. கிணத்தடியில சண்டை போட்டிருக்கா. எங்க அண்ணன் சின்ன வயசுல இருந்து எனக்கு ஒரு முள்ளு குத்தப் பாக்க மாட்டான், அவனா சொல்லுவான்னு கேட்டிருக்கா. சவேரியான் வீட்டு வாசல்ல போயி மண்ணை வாரித் தூத்திட்டு வந்தா. புருசனைப் பறிகொடுத்தவ, என்னைக் காப்பாத்த ஊரோட மல்லுக்கு நிக்கா.

போன வாரம் வந்தா. கிளாடியஸ் மதுரையில ஒரு காலேஜ்ல பாடம் எடுக்க வந்திருக்கானாம், இவ போன் போட்டிருக்கா. முதல் மணியிலயே எடுத்திருக்கான். நேர்ல வாங்க அக்கா, நீங்க கேக்கதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னானாம். நீயும் வாண்ணேன்னா. எதுக்கும்மான்னேன். உன்னை வச்சுக்கிட்டு அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும், எங்க அண்ணன் உன்னை வாசிக்கச் சொன்னானான்னு. அவன் வாயாலயே இல்லன்னு சொல்லிட்டா, ஊருக்குள்ள நீ தலை நிமிந்து நடக்கலாம்ணேன்னா.

எனக்காகப் போறா அண்ணாச்சி. புரியுதா? மூணு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு எனக்காகப் போறா.

நேத்து ராத்திரி முழுக்க நினைச்சேன், நானே முந்தி சொல்லிருவோம்னு. காலையில அவ வீட்டுக்குப் போனேன். இட்லி கட்டி வச்சிருந்தா, எனக்கும் சேத்து. சொல்ல வரல. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல சொல்லுவோம்னு பாத்தேன், டிக்கெட்டு எடுக்கதுல போயிட்டு. எட்டயபுரத்துல, நீங்க ஏறுததுக்கு முந்தி, எந்திரிச்சேன். அவ தூங்கிக்கிட்டு இருந்தா. ஆறு மாசத்துல அவ தூங்கி இன்னைக்குத்தான் பாக்கேன். எழுப்ப மனசு வரல. இனி எங்க சொல்ல?

என்ன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க? கட்டை விரலைக் காட்டினது தப்புன்னு சொல்லுதீங்க, அப்பிடித்தானே? முகத்துலயே தெரியுது. நான் கெட்ட எண்ணத்துல ஒண்ணும் செய்யலியே. இல்ல, விடுங்க. நீங்க சொல்ல வேண்டாம். நான் கேக்கல.

மாட்டுத்தாவணி வந்துட்டு போல. முழிச்சுட்டா. எந்திரிக்கா, இங்கதான் வாரா. அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்க, உங்களைக் கும்பிடுதேன்.

ஆங் பிலோமி, வாரேன்மா. ஒண்ணும் இல்ல, சும்மா பேசிக்கிட்டு வந்தோம். முகம் ஏன் வேத்திருக்கா? உள்ள ஒரே புழுக்கம். நீ முன்னால போ, கூட்டம் இறங்கட்டும், நான் பின்னால வாரேன். இல்லம்மா, வரமாட்டேன்னா சொன்னேன்? வாரேன்.

கையை விடு தாயி. நான் என்ன சின்னப் பிள்ளையா, கூட்டத்துல தொலஞ்சு போக? சரி, பிடிச்சுக்கோ.